வெடியா, நிலநடுக்கமா? இரண்டு பதிவுகளை வைத்து நாமே பிரித்தறியலாம்

2016 செப்டம்பரில் கொரியத் தீபகற்பம் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பலமாக அதிர்ந்தது. 9ஆம் தேதி காலை வடக்கே புங்கியே-ரியில் ஒரு மலைக்கு அடியில், அளவு 5.3. 12ஆம் தேதி இரவு தெற்கே கியோங்ஜு நகருக்கு அருகில், அளவு 5.4. முதலாவது வட கொரியாவின் ஐந்தாவது அணுகுண்டுச் சோதனை. இரண்டாவது, தென் கொரியாவில் கருவிகள் வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு பதிவானவற்றில் மிகப் பெரிய நிலநடுக்கம்.

கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டையுமே இஞ்சியோன் நகரில் இருக்கும் ஒரே கருவி பதிவு செய்திருக்கிறது. அந்தப் பதிவுகள் இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பயில்வதற்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு கணினியும் ஒரு மதியப் பொழுதும் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

கிணறு வெட்டும்போது பாறைக்குள் தோட்டா வைத்து வெடிப்பார்கள். வெடித்த நொடியில் சுற்றியிருக்கும் பாறை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளப்படும். இந்தத் தள்ளல்தான் பி அலையாகப் பரவுகிறது. பி அலையில் பாறைத் துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசையும்.

நிலநடுக்கம் வேறு மாதிரி. கனமான பீரோவைத் தரையில் இழுக்கும்போது அது சிக்கி நிற்கும், பிறகு சட்டென்று வழுக்கி நகரும் இல்லையா? பூமிக்குள் இரண்டு பாறைப் பரப்புகள் அப்படித்தான் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விலகுகின்றன. இந்தப் பக்கவாட்டு இழுப்பிலிருந்து எஸ் அலை வலுவாகப் பிறக்கிறது. அதில் துகள்கள் குறுக்காக அசையும். வேகமும் குறைவு என்பதால் பி அலைக்குப் பின்னால்தான் வந்து சேரும்.

ஆக, வெடியில் பி ஓங்கியிருக்கும், எஸ் ஒடுங்கியிருக்கும். நிலநடுக்கத்தில் எஸ் ஓங்கும். நாம் செய்யப்போகும் எல்லா வேலைக்கும் இதுதான் அடிப்படை.

வெடியில் எஸ் அலையே இருக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பி அலை தரைப்பரப்பில் மோதித் திரும்பும்போதும் சீரற்ற பாறைகளைக் கடக்கும்போதும் அதில் ஒரு பங்கு எஸ் அலையாக மாறிவிடும். அதனால் எஸ் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. பி-யோடு ஒப்பிட்டால் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

படி 1: பதிவுகளை இறக்குங்கள்

ஐரிஸ் என்று முன்பு அழைக்கப்பட்ட, இப்போது இயர்த்ஸ்கோப் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கக் கூட்டமைப்பின் தரவகத்தில் இவை இருக்கின்றன. அங்கே வில்பர் 3 என்ற பக்கத்தில் தேதியைக் கொடுத்து நிகழ்வைத் தேடலாம். வெடி நடந்தது சர்வதேச நேரப்படி செப்டம்பர் 9, 00:30:01. நிலநடுக்கம் செப்டம்பர் 12, 11:32. கியோங்ஜுவில் அதே நாள் சர்வதேச நேரம் 10:44-க்கு ஒரு முன்னதிர்வும் இருக்கிறது, அதை மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

நிலையப் பட்டியலில் ஐயூ வலையமைப்பின் ஐஎன்சிஎன் நிலையத்தை, அதாவது இஞ்சியோன் கருவியைத் தேர்ந்தெடுங்கள். தடம் பிஎச்இசட், அதாவது மேலும் கீழுமான அசைவைக் காட்டும் தடம். பி அலை வருவதற்கு ஒரு நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் வரை போதும்.

திறந்து பார்க்க ஸ்வார்ம் என்ற இலவச மென்பொருள் நல்லது. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தருவது.

படி 2: அலைகளை அடையாளம் காணுங்கள்

வடிகட்டாமல் அப்படியே பாருங்கள். புங்கியே-ரியிலிருந்து இஞ்சியோன் ஏறத்தாழ 470 கி.மீ. வெடித்துச் சுமார் 65 நொடியில் பி அலை வர வேண்டும். கியோங்ஜுவிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ., சுமார் 45 நொடி. அமைதியான கோடு சட்டென்று துள்ளும் இடம்தான் பி.

எஸ் அலைக்கு இவ்வளவு கூர்மையான தொடக்கம் இருக்காது. இந்தத் தூரத்தில் அது கண்டப் பாறைக்குள் மேலும் கீழும் எதிரொலித்து, எல்ஜி என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு நீண்ட அலைக்கூட்டமாக வருகிறது. நொடிக்கு 3.6 முதல் 3 கி.மீ. வேகம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். வெடிக்கு 131 முதல் 157 நொடி வரை, நிலநடுக்கத்துக்கு 83 முதல் 100 நொடி வரை. இந்த இரண்டு நேர இடைவெளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், இவற்றைத்தான் எல்ஜி சாளரம் என்கிறேன்.

படி 3: வடிகட்டுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் 1 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 1 முதல் 2 அதிர்வுகளை மட்டும் விடும் வடிகட்டியைப் போடுங்கள். வெடியிலும் எல்ஜி கணிசமாகத் தெரியும். "என்னடா இது, பாடம் தப்பா?" என்று தோன்றும். பாடம் தப்பில்லை. தாழ்ந்த அதிர்வெண்ணில் வெடியின் பி அலை நிறையவே எஸ் அலையாக மாறிவிடுவதால் வேறுபாடு மங்கிப்போகிறது.

இப்போது 6 முதல் 8 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நிலநடுக்கத்தில் பி-யை மீறிக்கொண்டு எல்ஜி எழும். வெடியில் பி ஓங்கி நிற்க, பின்னால் வருவது அடங்கியிருக்கும். முதன்முறை இதைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. நாடுகள் ரகசியமாகச் செய்ய நினைப்பதைப் பாறை வெளியே சொல்லிவிடுகிறது.

உங்கள் தரவில் நொடிக்கு எத்தனை மாதிரிகள், அதாவது எத்தனை அளவீடுகள் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். 20 மாதிரி என்றால் அதில் பாதியான 10 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகியிருக்காது. அதற்கு மேல் வடிகட்டினால் வெறும் கோடுதான் மிஞ்சும்.

படி 4: விகிதம்

பி தொடங்கி 20 நொடிக்குள் வரும் பெரிய வீச்சை எடுங்கள். எல்ஜி சாளரத்தின் பெரிய வீச்சை எடுங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். இரண்டு நிகழ்வுக்கும் இதைச் செய்தால் வெடியின் விகிதம் நிலநடுக்கத்தின் விகிதத்தைவிட உயர்ந்து நிற்க வேண்டும். பி-க்கு முந்தைய அமைதிப் பகுதியின் இரைச்சலையும் அளந்துகொள்ளுங்கள். எல்ஜி அந்த இரைச்சலுக்குள்ளேயே முங்கியிருந்தால் அந்த விகிதத்தை நம்பக் கூடாது.

நான் ஏன் இஞ்சியோனைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனாவின் மூதான்சியாங்கில் எம்டிஜே என்ற நிலையம் இருக்கிறது. புங்கியே-ரிக்கு இன்னும் பக்கம், வெடியை அருமையாகப் பதிவு செய்தது. ஆனால் கியோங்ஜுவிலிருந்து அங்கே போகும் பாதை கொரியாவுக்குக் கிழக்கே ஆழ்கடலுக்கு அடியில் போகிறது. கடலடிப் பாறை மெல்லியது, எல்ஜி அதைக் கடக்காது. அந்த நிலையத்தை மட்டும் பார்த்தால் உண்மையான நிலநடுக்கத்தையே வெடி என்று சொல்லிவிடுவீர்கள். தொடக்கத்தில் நானே செய்த தவறு இது. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள்.

படி 5: மற்ற சாட்சிகள்

ஆழம் எளிமையான சாட்சி. மனிதன் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது, 12,262 மீட்டர். கியோங்ஜு நிலநடுக்கம் பத்து கி.மீ.க்கும் கீழே தோன்றியது. அணுகுண்டை அவ்வளவு ஆழத்தில் யாரும் வைத்ததில்லை. ஆனால் ஆழம் குறைவு என்பதாலேயே வெடி என்றாகிவிடாது, ஆழமில்லாத நிலநடுக்கங்கள் ஏராளம்.

இடமும் அப்படித்தான். 1997 ஆகஸ்ட் 16 அன்று ரஷ்யாவின் நோவயா செம்ல்யா சோதனைத் தளம் பக்கம் ஒரு சிறு அதிர்வு. ரகசியச் சோதனை என்று அமெரிக்காவில் சந்தேகம் கிளம்பியது. கணக்கிட்டுப் பார்த்தபோது, அது தளத்திலிருந்து நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி, காரா கடலுக்கு அடியில் நடந்தது என்று தெரிந்தது. கடலடி நிலநடுக்கம். அவசரப்பட்டுச் சொன்ன ஒரு சொல் நாடுகளுக்கு இடையே எவ்வளவு கசப்பை உண்டாக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது முதல் அசைவு. வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளுவதால் எந்த நிலையத்திலும் முதல் துள்ளல் மேல்நோக்கித்தான் இருக்கும். நிலநடுக்கத்தில் சில திசைகளில் மேலே, சில திசைகளில் கீழே. ஒரு நிலையத்தில் மேலே இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. பல திசைகளில் பத்து நிலையங்களைப் பாருங்கள்.

கடைசியாக மேற்பரப்பு அலை, அதாவது பூமியின் மேற்பரப்பை ஒட்டியே பரவும் அலை. ஒரே அளவு பி அலையைத் தரும் நிலநடுக்கத்தைவிட வெடி சிறிய மேற்பரப்பு அலையைத்தான் கிளப்பும். பல பத்தாண்டுகளாக இதுவே முதன்மையான அளவுகோல். ஆனால் வட கொரியச் சோதனைகளில் மேற்பரப்பு அலை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. ஒற்றைச் சாட்சியை நம்பி முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான்.

தனியாகச் செய்து பார்க்க

2017 செப்டம்பர் 3, சர்வதேச நேரம் 03:30:01. அதே மலையில் ஆறாவது சோதனை, அமெரிக்க நிலவியல் ஆய்வகக் கணக்கில் அளவு 6.3. இம்முறை எம்டிஜே பதிவை எடுங்கள். அது மூதான்சியாங் நிலையம், இங்கே பாதை நிலத்தின் வழியாகவே போகிறது. வெடிக்குப் பிறகு எட்டரை நிமிடம் தள்ளிப் போனால் அளவு 4 அளவில் இன்னொரு அதிர்வு தெரியும்.

அதை மேலே செய்தது போலவே சோதியுங்கள். பிறகு இரண்டையும் பத்து நொடிக்கு மேற்பட்ட நீண்ட அலைகள் மட்டும் தெரியும்படி வடிகட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வெடியில் மேடாக இருக்கும் இடம் இதில் பள்ளமாக இருக்கும். வெளியே தள்ளப்பட்ட பாறை, வெடி உண்டாக்கிய குழிக்குள் இப்போது உள்நோக்கி இடிந்து விழுகிறது.