கலை வரலாற்றைத் தொலைக்காட்சியில் பேசும் தொழில்: பிரிட்டனில் நுழைய விரும்புவோருக்கு

ஓவியங்களையும் சிற்பங்களையும் பற்றித் தொலைக்காட்சியில் ஆவணப்படம் வழங்கும் கலை வரலாற்றாளர் என்ற தொழில், பிரிட்டனில் வேரூன்றியதைப் போல வேறெங்கும் வேரூன்றியதாகச் சொல்ல முடியாது. ஆனால் அங்கும் இதற்கென்று தனியாக விண்ணப்பம் போட்டு வேலைக்குச் சேரும் வழக்கம் கிடையாது. வேறொரு வேலையில் பெயரெடுத்தவரைத்தான் தொலைக்காட்சி தேடி வருகிறது. ஆகவே இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, கேமரா இல்லாத காலத்தில் தான் என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதே.

கென்னத் கிளார்க்கின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். 1903இல் பிறந்த அவர், 30 வயதில், 1934இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநரானார். 1954 முதல் 1957 வரை வணிகத் தொலைக்காட்சியை மேற்பார்வையிடும் ஆணையத்தின் தலைவராக இருந்தார். அதன் பிறகே, 1958 முதல் ஏடிவி என்னும் வணிகத் தொலைக்காட்சி நிறுவனத்துக்காகக் கலை நிகழ்ச்சிகளை வழங்கத் தொடங்கினார். வண்ண ஒளிபரப்பின் சிறப்பைக் காட்டும் பெரிய தொடர் ஒன்றை விரும்பிய பிபிசி 2இன் பொறுப்பாளர் டேவிட் அட்டன்பரோ அவரை அணுகியதில் பிறந்த, மேலைக் கலை வரலாற்றைச் சொல்லும் ‘சிவிலிசேஷன்’ 1969இல் 13 பகுதிகளாக வெளிவந்தபோது, கேமரா முன் பேசும் பயிற்சி அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. அந்தத் தொடரில் தெரியும் சரளத்தைப் பிறவிக் குணம் என்று எண்ணிவிடக் கூடாது.

படிப்பைப் பொறுத்தவரை, 1932இல் தொடங்கப்பட்ட லண்டன் கோர்ட்டோல்ட் கலை நிறுவனம் இன்றும் முதன்மையான வாயில். அதன் முதுகலைப் படிப்பு ஒன்பது மாதங்களில் முடிந்துவிடும். இளங்கலையில் கலை வரலாறு படிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. பிபிசியில் கலைத் தொடர்கள் வழங்கிய ஆண்ட்ரூ கிரஹாம்-டிக்சன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுத்தான் கோர்ட்டோல்டுக்கு வந்தார். தொலைக்காட்சியில் ஓவியங்களைப் பற்றிப் பேசிப் புகழ்பெற்ற கன்னியாஸ்திரி சிஸ்டர் வெண்டி பெக்கெட்டும் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலம் படித்தவரே. ‘வேஸ் ஆஃப் சீயிங்’ தொடரை வழங்கிய ஜான் பெர்ஜர் ஓவியராகப் பயிற்சி பெற்றவர். பட்டத்தைவிட முக்கியமானது, ஒரு காலகட்டத்தையோ ஓர் ஊரின் கலையையோ மூல ஆவணங்கள் வரை சென்று அறிந்திருப்பது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவரைத் தயாரிப்பாளர்கள் அழைப்பது அரிது. அந்தக் காலகட்டத்தின் மொழியைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆவணக் காப்பகத்திலும் படப்பிடிப்புத் தளத்திலும் மதிப்பு கூடும்.

அடுத்தது எழுத்து. ராபர்ட் ஹியூஸ் 1970இல் ‘டைம்’ இதழின் கலை விமர்சகரானார். அவருடைய நவீனக் கலைத் தொடர் 1980இல்தான் வந்தது. கிரஹாம்-டிக்சன் 1986இல் தொடங்கப்பட்ட ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழிலும், அவரைப் போலவே கலை ஆவணப்படங்கள் வழங்கும் வால்டெமர் யானுஷ்சாக் ‘கார்டியன்’ நாளிதழிலும் விமர்சகர்களாக இருந்தவர்கள். வாராவாரம் கெடு தப்பாமல், இதுவரை அந்த ஓவியத்தைப் பார்த்திராத வாசகருக்குப் புரியும்படி எழுதிப் பழகிய கை, பின்னாளில் ஒளிபரப்புக்கான வசனத்தையும் தடுமாறாமல் எழுதும். நாளிதழில் இடம் கிடைக்காதவர்கள் ஒரே ஓவியத்தைப் பற்றி முந்நூறு சொற்களுக்குள் கட்டுரை எழுதும் வழக்கத்தையாவது மேற்கொள்ள வேண்டும். முந்நூறு சொல் என்பது வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஏறத்தாழ இரண்டு நிமிடப் பேச்சு.

இனி, இந்தத் தொழிலின் உயிர்நாடி என்று நான் கருதுவதைச் சொல்கிறேன்: எதை முதலில் காட்டுவது, எதை எப்போது சொல்வது என்னும் ஒழுங்கு. இதைப் பழக மிகச் சிறந்த இடம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் ஹான்ஸ் ஹோல்பைனின் ‘தூதர்கள்’ ஓவியம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் நிற்கலாம். 1533இல் வரையப்பட்ட இப்படம் உயரத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ ஏழு அடி. இடப்பக்கம் மென்மயிர் மேலங்கியுடன் நிற்பவர் இங்கிலாந்துக்கான பிரெஞ்சுத் தூதர் ழான் த தேன்த்வில். வலப்பக்கம் அவருடைய நண்பரான ஆயர் ஜார்ஜ் த செல்வ். முன்னவரின் வயது 29 என்று குத்துவாளின் உறையிலும், பின்னவரின் வயது 25 என்று அவர் முழங்கை ஊன்றியிருக்கும் புத்தகத்தின் விளிம்பிலும் எழுதப்பட்டிருக்கிறது. கீழ்த்தட்டில் கிடக்கும் லூட் என்னும் நரம்பிசைக் கருவியில் ஒரு நரம்பு அறுந்திருக்கிறது. தரையின் மேல், சாய்வாக, சாம்பல் நிறத்தில் நீண்ட கறை போன்ற ஒன்று தெரியும். படத்தின் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவரை ஒட்டி நின்று பார்த்தால் அந்தக் கறை மண்டையோடாகத் திரண்டு நிற்கும்.

பழக்கமில்லாத பேச்சாளர் படத்தின் முன் நின்றதுமே மண்டையோட்டைப் பற்றிச் சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன பிறகு பார்வையாளருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. மாறாக, மயிரங்கியிலும் பட்டிலும் விளையாடும் ஒளியில் தொடங்கி, தட்டுகளில் இருக்கும் கருவிகளுக்கு வந்து, அறுந்த நரம்பில் சற்று நின்று, கறையைப் பற்றி வாயே திறக்காமல் கேமராவை வலப்பக்கம் மெல்ல நகர்த்தினால், மண்டையோடு தெரியும் கணத்தில் நீங்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது. அது முழுதாகத் தெரிந்த பிறகு படத்தால் சொல்ல முடியாததை மட்டும் சொல்லுங்கள்: அது எட்டாம் ஹென்றி ஆன் போலினை மணந்து ரோமின் போப்பாண்டவருடன் உறவை முறித்துக்கொண்டிருந்த காலம், பிரெஞ்சு மன்னரின் தூதராக அதையெல்லாம் லண்டனில் அருகிலிருந்து கண்டவர் தேன்த்வில், அறுந்த நரம்பைத் திருச்சபையின் பிளவுக்கான குறிப்பாகப் பலர் வாசிக்கிறார்கள். மேல் இடது மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் சிலுவையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசையைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். படங்களின் வரிசை தானே கதை சொல்லவில்லை என்றால் வசனத்தைத் திருத்திப் பயனில்லை.

பெர்ஜர் 1972இல் வழங்கிய நான்கு பகுதித் தொடரின் தொடக்கத்தில், போட்டிசெல்லியின் ஓவியம் ஒன்றின் நகலிலிருந்து வீனஸின் முகத்தைக் கத்தியால் அறுத்தெடுப்பார். நகலெடுக்கும் தொழில்நுட்பம் ஓவியத்தை என்ன செய்கிறது என்ற வாதம் அந்த ஒரு செயலிலேயே அடங்கிவிடுகிறது. சிஸ்டர் வெண்டி எழுதி வைத்த வசனம் இல்லாமலே பேசினார். இருவரில் யாரையும் நகலெடுக்கத் தேவையில்லை, ஆனால் இருவருமே பார்வையாளரின் கண்ணை ஓவியத்தை விட்டு விலக விடவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வாய்ப்பு வரும் வழி வருமாறு. பெரும்பாலான கலை நிகழ்ச்சிகளைத் தனியார் தயாரிப்பு நிறுவனங்கள் எடுக்கின்றன. எந்த நிகழ்ச்சியை எடுப்பது என்று முடிவு செய்யும், ஒளிபரப்பு நிறுவனத்தின் கமிஷனிங் எடிட்டர் ஒப்புக்கொண்டால்தான் பணம் கிடைக்கும். எனவே நேரே பிபிசிக்கு எழுதுவதைவிட, உங்கள் துறையில் படமெடுக்கும் நிறுவனத்தை அணுகுவது நல்லது. கையில் இரண்டு பக்கக் கதைச் சுருக்கமும், நீங்கள் ஓர் ஓவியத்தின் முன் பேசும் இரண்டு மூன்று நிமிட மாதிரிக் காட்சியும் இருக்க வேண்டும். கதைச் சுருக்கம் ஓர் ஓவியரின் பெயரோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வியை முன்வைக்க வேண்டும். அந்தப் படம் ஏன் இப்போது வர வேண்டும் என்பதற்கும் அதில் பதில் இருக்க வேண்டும். இளம் ஆய்வாளர்களை ஒலிபரப்புக்குப் பழக்க பிபிசியும் கலை, மானுடப் புலங்களுக்கான ஆய்வுக் குழுவும் இணைந்து தொடங்கிய ‘நியூ ஜெனரேஷன் திங்கர்ஸ்’ திட்டம் போன்றவற்றையும் கவனித்துவர வேண்டும்.

படப்பிடிப்பு பெரும்பாலும் கூடம் திறப்பதற்கு முன் அதிகாலையிலோ மூடிய பின் இரவிலோதான் நடக்கும். தாளில் வரைந்தவற்றுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்ற அளவுக்குள் வெளிச்சத்தை வைப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம் என்பதால் விளக்கு வைக்கும் உரிமை குறைவு; காப்பாளர்களிடம் முன்கூட்டியே பேசி அவர்களின் நம்பிக்கையைப் பெற்றவருக்கே வேலை எளிதாகும். ஒரே வாக்கியத்தை நடந்துகொண்டு, நின்றுகொண்டு, அருகிலிருந்து எனப் பலமுறை சொல்ல நேரும். ஏழாவது முறையும் அது அப்போதுதான் தோன்றியதைப் போல ஒலிக்க, சொற்களை மனப்பாடம் செய்யாமல் கருத்தின் வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வது உதவும்.

காப்புரிமையை அறியாமல் திட்டமிடாதீர்கள். பிரிட்டனில் கலைஞர் இறந்த பின் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1973இல் இறந்த பிக்காசோவின் படைப்புகளுக்கு 2043 முடியும் வரை அனுமதியும் கட்டணமும் வேண்டும். சிறிய செலவில் முதல் படம் எடுப்பவர் பழைய ஓவியர்களைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002இல் தொடங்கிய பிபிசி ஃபோர் பல கலை வரலாற்றாளர்களை வளர்த்தெடுத்தது. 2021இல் அது பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகளைக் காட்டும் அலைவரிசையாக மாற்றப்பட்டபோது பெரிய வாசல் ஒன்று குறுகியது. ஸ்கை ஆர்ட்ஸ் 2020இல் இலவச அலைவரிசையானது ஓரளவு ஆறுதல். இந்த நிலையில் பல்கலைக்கழக விரிவுரையையோ அருங்காட்சியகப் பணியையோ முதல் தொடர் வந்ததும் விட்டுவிடக் கூடாது. யானுஷ்சாக்கைப் போலச் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்குவது ஒரு வழிதான், ஆனால் அது பல படங்களை முடித்த பிறகு யோசிக்க வேண்டியது.

முதல் ஒப்பந்தம் கைக்கு வரும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காமல், இறுதி வசனத்தையும் பின்னணிக் குரலையும் ஒளிபரப்புக்கு முன் நீங்கள் படித்துத் திருத்த முடியுமா என்பதைக் கேளுங்கள். படத்தொகுப்பில் ‘இருக்கக்கூடும்’ என்பது ‘இருந்தது’ என்று ஆகிவிடுவது சாதாரணம். அப்படி ஆனால் திரையில் தெரியும் பெயர் உங்களுடையதுதான். அந்த உரிமை எழுத்தில் இல்லையென்றால், கையெழுத்திடும் முன் சேர்க்கச் சொல்லுங்கள்.