விலை உயர்ந்த ஸ்பீக்கர்: காது ஏமாறும் இடங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் திருச்சிக்கோ சென்னைக்கோ சென்று, கடைக்காரர் தேர்ந்து வைத்திருக்கும் நாலு பாட்டைக் கேட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டுகள் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகவே கேட்கும். கடையில் அவை போடப்படுவதே அதற்காகத்தான்.

முதல் தவறு, சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும், காது அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். 90 டெசிபல் உணர்திறன் (ஒரே அளவு மின்சக்திக்கு எழுப்பும் சத்தத்தின் அளவு) உள்ள ஸ்பீக்கர் எழுப்பும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்ப நான்கு மடங்கு வாட் வேண்டும் என்பதால், ஆம்ப்ளிஃபையரின் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உட்காரும் இடத்தில் கைபேசியின் டெசிபல் செயலியைக் கொண்டே சமன்செய்துகொள்ளலாம்.

அடுத்து, எதைப் போட்டுக் கேட்பது என்பது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்துவோர் குறைவு. திருவையாறு ஆராதனைப் பந்தலில் கேட்டதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் அங்கே காதுக்கு வருவது மைக்கும் பந்தல் ஸ்பீக்கரும் கடந்து வந்த ஒலி. மாறாக, மைக் இல்லாமல் கோயில் பிரகாரத்தில் ஒலிக்கும் நாதஸ்வரமும் தவிலும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மிருதங்கமும்தான் நம்பத்தக்க அளவுகோல்கள். நல்ல மிருதங்கப் பதிவு ஒன்றைப் போட்டு, ரவை பூசிய தொப்பியில் (இடப்பக்கத்தில்) எழும் கும்கி என்னும் வளைந்தேறும் கீழ்நாதத்தைக் கவனியுங்கள். அது வளைந்து ஏறி உரிய நேரத்தில் அடங்க வேண்டும். அடங்காமல் நீண்டு வலந்தலையில் (வலப்பக்கத்தில்) வாசிக்கும் சொற்களை மூடினால், கடையில் மயக்கிய அந்தக் கனமான பேஸ் (தாழ்ந்த ஒலி) உண்மையில் ஒரு குறை. நாதஸ்வரத்தின் இயல்பான கூர்மை முழுவதும் மழுங்கி இனிமையாகக் கேட்டாலும் அது குறைதான்.

பெயரையும் விலையையும் பார்த்தபடி கேட்பதும் தவறு. 1994இல் ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் நடத்திய சோதனையில், ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபோது கொடுத்த மதிப்பெண்களும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்களும் வேறுபட்டன. மெல்லிய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னாலே போதும்.

அறையை மறப்பதுதான் பணத்தை அதிகம் வீணாக்கும் தவறு. டைல்ஸ் தரையும் கண்ணாடி ஜன்னலும் கொண்ட 12க்கு 12 அடி அறையில், நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால், 47 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் இரட்டிப்பாகத் தேங்கும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இன்னும் மோசம். ஓட்டு வீட்டு நீளக் கூடத்தில் இதே ஸ்பீக்கர் வேறொன்றாகவே ஒலிக்கும். ஆகவே இரண்டு நாளாவது வீட்டில் வைத்துக் கேட்கச் சம்மதிக்காத கடையில் இவ்வளவு பணம் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

விவரத்தாளில் ‘30 ஹெர்ட்ஸ் முதல்’ என்று மட்டும் இருந்து, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று இல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் வூஃபரின் (பேஸ் ஒலியை எழுப்பும் பெரிய கூம்பின்) விளிம்பையும் பார்க்க வேண்டும்: ஈரக்காற்றில் ஃபோம் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும், ரப்பர் தாங்கும், மாற்று வூஃபர் இந்தியாவில் கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.