ஃபேட் பைக் வாங்கியாச்சா? அப்படியே பீச்சுக்கு எடுத்துட்டுப் போங்க

சென்னையில் இப்போது பல அடுக்குமாடி பார்க்கிங்குகளில் ஒரு ஃபேட் பைக்காவது, அதாவது தடித்த டயர் வைத்த சைக்கிளாவது, நிற்கிறது. நாலு இன்ச் டயர், தடித்த ஃப்ரேம், பார்த்தாலே ஒரு கெத்து. வாங்கிய புதிதில் தெருவில் ரெண்டு ரவுண்டு, அப்புறம் டியூஷனுக்குப் போய்வர, அதோடு சரி. தார் ரோட்டில் அது கனமான, மெதுவான சைக்கிள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த டயர் உருவானது ரோடே இல்லாத இடங்களுக்காக. அலாஸ்காவில் 1987-இல் தொடங்கிய ஐடிடாபைக் பந்தயத்தில் பனிமேல் ஓட்டியவர்கள், சக்கரம் புதையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ரிம்மை அகலமாக்கி அகலமாக்கிப் பார்த்தார்கள், ரெண்டு ரிம்மைச் சேர்த்து வெல்டு அடித்தவர்கள்கூட உண்டு. 2005-இல் சர்லி நிறுவனம் 3.7 இன்ச் டயரோடு பக்ஸ்லி என்ற மாடலைக் கொண்டுவந்தது, அதற்குப் பிறகுதான் கடையில் வாங்கக்கூடிய வண்டியாக இது பரவியது. பனியில் இருக்கும் அதே சிக்கல்தான் மணலிலும். நமக்குப் பனி இல்லை, ஆனால் பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரை இருக்கிறது. இந்த சைக்கிளை வைத்துக்கொண்டு ஒருமுறைகூட மணலில் இறக்காமல் இருப்பது பெரிய இழப்பு என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

முதலில் காற்று. மணலில் ஓட்ட முடியாமல் திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான், ரோட்டுக்கு அடித்த காற்றோடு அப்படியே மணலில் இறங்குவது. ரோட்டில் 15 முதல் 20 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) சரி. ஈர மணலுக்கு 8, உலர்ந்த மணலைக் கடக்க வேண்டுமென்றால் 5 அல்லது 6. இது 60, 70 கிலோ எடையுள்ளவருக்கு. அதற்கு மேல் எடை இருந்தால் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தில் பின் சக்கரத்தைவிட ஒரு பிஎஸ்ஐ குறைவாக இருக்கலாம், ஏனென்றால் எடை பெரும்பாலும் பின்னால்தான் விழுகிறது. கணக்கு எளிது: டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான் டயர் மணலை அமுக்கும். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி அதிக இடத்தில் உட்காரும், உங்கள் எடை பரவும், சக்கரம் புதையாது. அகலமான டயர் எதற்கு என்றால் இவ்வளவு குறைவான காற்றில் ஓட்டியும் ரிம் தரையில் இடிக்காமல் இருப்பதற்குத்தான். இறுக்கிக் காற்றடித்த நாலு இன்ச் டயரால் மணலில் பெரிதாக ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதை அளக்க வீட்டில் இருக்கும் பம்பின் மீட்டர் உதவாது. 150 வரை காட்டும் முள்ளில் 6-க்கும் 10-க்கும் வித்தியாசமே தெரியாது. 30 பிஎஸ்ஐக்குள் அளக்கும் சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்குங்கள், இந்த விஷயத்தில் வேறு எந்தச் செலவையும்விட அதுதான் முக்கியம். கேஜ் வரும்வரை கட்டைவிரலை நம்பலாம். டயரை நன்றாக அழுத்தினால் தாராளமாக உள்ளே போக வேண்டும், சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் பின் டயரின் பக்கவாட்டு லேசாகப் பிதுங்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்காதீர்கள். அங்கே காருக்கு அடிக்கிற 30-ஐ அடித்துவிடுவார்கள், உங்கள் டயர் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் பல டயர்களுக்கு அதுவே அதிகம். திரும்பி வரும்போது மறுபடி அடிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இந்த டயருக்குள் போகும் காற்று ரொம்ப அதிகம், கையளவு பம்பில் அடித்தால் தோள் கழன்றுவிடும். சார்ஜ் பண்ணும் சின்ன பம்ப் இருந்தால் நிம்மதி.

அடுத்து நேரம். கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் போக வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரிதில்லை, சென்னையில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆனால் கரை சரிவு குறைவான இடங்களில் அந்த ஒரு மீட்டரே பல அடி அகலத்துக்குக் கெட்டியான ஈர மணலைத் திறந்துவிடும். ஒரு நாளைக்கு ரெண்டு முறை ஏறி ரெண்டு முறை இறங்கும், அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு முழுசாக இறங்கியிருந்தால் நாளை 6:50 வாக்கில். போன ஞாயிறு நன்றாக இருந்ததே என்று அடுத்த ஞாயிறு அதே மணிக்குப் போனால் கடல் ஏறி நிற்கும், நீங்கள் உலர்ந்த மணலில் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். போனில் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரம், காட்டும் ஆப்கள் இருக்கின்றன, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முழு இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி, அது முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்புவது வசதி. இன்னொன்று, காற்றே இல்லாத தெளிவான நாளில்கூடத் தொலைவிலிருந்து வரும் பெரிய அலைகள் கரையேறும், கள்ளக்கடல் என்பது அதுதான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதற்கு எச்சரிக்கை கொடுக்கும். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

இப்போது மணல். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த பகுதி இது. கடற்கரையை ஒரே மணலாகப் பார்க்காதீர்கள், குறைந்தது மூன்று பட்டைகள் இருக்கும். மேலே வெளுத்த, பொலபொலவென்ற உலர் மணல். கீழே அலை வந்து போகும் இடத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கும், தண்ணீரில் ஊறிய மணல். நடுவில், ஈரமாக ஆனால் மினுக்கம் இல்லாமல், கொஞ்சம் கருத்துத் தெரியும் பட்டை. உங்கள் பாதை அந்த நடுப்பட்டை. மணல்துகள்களுக்கு நடுவே கொஞ்சமாகத் தண்ணீர் இருக்கும்போது அது துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீரே இல்லாவிட்டால் பிடிப்பு இல்லை, தண்ணீர் நிரம்பி வழிந்தாலும் பிடிப்பு போய்விடும்.

சந்தேகமாக இருந்தால் இறங்கி ஒரு காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து, காய்ந்ததுபோல் ஆகிறதா? அது கெட்டி மணல். அழுத்தும்போது துகள்கள் நகர்ந்து இடைவெளி கூடுகிறது, மேலே இருந்த தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது, அதனால்தான் வெளுக்கிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1885-இல் விளக்கிய விஷயம் இது, நாம் சின்ன வயதிலிருந்து பீச்சில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். வெளுக்காமல் தண்ணீர் ஊறி மேலே வந்து, மணல் தளதளவென்று ஆடினால் அங்கே ஓட்டாதீர்கள். முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் இப்படி நிறைய இருக்கும். முட்டுக்காடு மாதிரி இடங்களில் சைக்கிளோடு தண்ணீரில் இறங்கி அக்கரை போகலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

ஓட்டும் முறை ரோட்டு சைக்கிளிலிருந்து வேறு. கியர் இருந்தால் மணலுக்குள் நுழையும் முன்பே இளகின கியருக்கு மாற்றிவிடுங்கள், புதைந்தபின் மாற்றினால் செயின் கதறும். சீட்டில் நன்றாகப் பின்தள்ளி உட்காருங்கள், எழுந்து நின்று மிதித்தால் முன் சக்கரத்தில் எடை விழுந்து அது மணலைத் தோண்டத் தொடங்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முன் சக்கரம் கொஞ்சம் அங்கும் இங்கும் அலையும், அலையட்டும், திருத்தத் திருத்தத்தான் விழுவோம். கால் மட்டும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பும்போது ஹேண்டிலை வெட்டாமல் உடம்பைச் சாய்த்து அகலமாகத் திரும்புங்கள். பிரேக் அடிக்கவே தேவையில்லை, மிதிப்பதை நிறுத்தினாலே நின்றுவிடும். நிற்பதென்றால் கெட்டி மணலில் நில்லுங்கள், உலர் மணலில் நின்றுவிட்டுக் கிளம்புவது பெரும்பாடு. அப்படி மாட்டிக்கொண்டால் கடல் பக்கம் சரிவாகப் பார்த்து வண்டியைத் திருப்பி, ஒரு பெடலை மேலே வைத்து, சரிவின் உதவியோடு கிளம்புங்கள்.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். டயரின் பட்டன்கள் ஒவ்வொன்றும் அச்சாகத் தெளிவாகப் பதிந்து, தடம் ஆழமில்லாமல் அகலமாக இருந்தால் காற்று சரி. பள்ளமாக விழுந்து ரெண்டு பக்கமும் மணல் கரைகட்டியிருந்தால் இன்னும் ஒரு பிஎஸ்ஐ இறக்குங்கள். நான் கேஜைவிட இதைத்தான் அதிகம் பார்ப்பேன். எல்லாம் கூடிவந்துவிட்டால் டயரின் உறுமல் சுத்தமாக நின்றுபோய், மணல் நெறிபடும் மெல்லிய சத்தமும் அலையும் மட்டும் கேட்கும். வேகம் மணிக்கு பத்து கிலோமீட்டரைத் தாண்டாது, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இருக்காது.

எங்கே போகலாம்? சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் பக்கம், நீலாங்கரையிலிருந்து தெற்கே போகப் போகக் கூட்டம் குறையும். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த பழைய செங்கல் முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துவரலாம். வெளியூர் போக முடிந்தால் தனுஷ்கோடி. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, உள்ளூர்க்காரர்கள் ஆண் கடல் என்பார்கள், இன்னொரு பக்கம் பாக் விரிகுடா, அது பெண் கடல். ஆனால் ஆடி மாதக் காற்றில் அங்கே போகாதீர்கள், மணல் முகத்தில் அறையும். காற்று எல்லா இடத்துக்கும் பொருந்தும் விஷயம்தான். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் சென்னைக் கரையில் பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிக்கும், அப்போது முதலில் தெற்கே போய்விட்டுத் திரும்புவது நல்லது. வாடைக்காற்று மாதங்களில் அப்படியே தலைகீழ். முதல் நாள் போக நாலு, வர நாலு கிலோமீட்டர் தாராளம். ரோட்டில் 30 ஓட்டுபவருக்கும் தொடை பேசும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கரை அரித்துச் சரிவாகிவிடுவதால் ஓட்டவும் இடம் இருக்காது. பிப்ரவரிக்கு மேல் கரை மெல்ல மெல்ல அகலமாகும்.

அந்த மாதங்களில் ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, அலை தொடாத மேல் மணலில் முட்டையிடுகின்றன. சென்னையில் மாணவர்களும் தன்னார்வலர்களும் 1980-களிலிருந்து இரவெல்லாம் கரையில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அதனால் இருட்டில் லைட் போட்டுக்கொண்டு பீச்சில் ஓட்ட வேண்டாம், விடிந்தபின் போங்கள். டிராக்டர் சக்கரம் போனதுபோல அகலமான தடம் கடலிலிருந்து மேலே ஏறியிருந்தால் அது ஆமைத் தடம், அந்தப் பக்கம் வண்டி ஏறக் கூடாது. அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் வளர்ந்த மணல்மேட்டிலும் ஏறாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் செடிகள்தான், தவிர இராவணன் மீசையின் முள் டயரையும் சும்மா விடாது.

கரை மீனவர்களின் வேலையிடம் என்பதை மனதில் வையுங்கள். காயப்போட்ட வலைமேலும் கருவாட்டின் பக்கமும் சைக்கிள் போகவே கூடாது. கரைவலை இழுக்கும்போது கயிறு கடலிலிருந்து முழங்கால் உயரத்தில் விறைப்பாக வரும், தூரத்தில் பார்த்தால் தெரியாது. பத்து பேர் வரிசையாக நின்று இழுப்பது கண்ணில் பட்டால் இறங்கி, அவர்களுக்குப் பின்னால் சுற்றித் தள்ளிக்கொண்டு போங்கள். "அண்ணே, இந்தப் பக்கமா போகலாமா, முகத்துவாரம் திறந்திருக்கா?" என்று கேட்டால் எந்த ஆப்பிலும் இல்லாத தகவல் கிடைக்கும். நடப்பவர்களுக்கு அலைச் சத்தத்தில் பெல் கேட்காது, பக்கத்தில் போகும் முன் குரல் கொடுங்கள். நாய் துரத்தினால் இறங்கி நின்றுவிடுங்கள், சைக்கிள் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் இருக்கட்டும்.

கடைசியாக உப்பு. அலைநுரையில் ஓட்டிப் போட்டோ எடுக்க ஆசை வரும், வேண்டாம். கடல் தண்ணீர் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் போனால் பேரிங் துருப்பிடித்துவிடும். மோட்டார் வைத்த ஃபேட் பைக் என்றால் இன்னும் தள்ளியே ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும், காபி குடிக்கும் முன்பே, ஒரு வாளி நல்ல தண்ணீரை மக்கில் எடுத்து ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேண்டாம், அது மணலை பேரிங்குக்குள்ளேயே தள்ளிவிடும். பிரேக் டிஸ்க், செயின், ஸ்போக் முனைகள், சீட் கம்பி இறங்கும் இடம் எல்லாம் மணல் தங்கும் இடங்கள். துணியால் துடைத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் காயவிட்டு, அதற்கப்புறம் செயினுக்கு எண்ணெய். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு போதும், மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை மணல் முழுக்க அதில்தான் ஒட்டும். எண்ணெய் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் பெடலைப் பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காது கொடுங்கள், நறநறவென்று கேட்டால் செயினை மறுபடி கழுவிவிட்டு ஓட்டுங்கள்.