பழைய மடிக்கணினியில் ரேம் கூட்டுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிக்கணினி மெதுவாக இயங்கத் தொடங்கியதுமே ரேம் போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே எது எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சில நிமிடங்கள் கவனியுங்கள். நினைவகம், அதாவது ரேம், பாதியளவே நிரம்பியிருக்கும்போது வட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நின்றால், பணத்தை எஸ்எஸ்டி என்னும் வேகமான வட்டில் போடுவதே புத்திசாலித்தனம். நினைவகம் நிரம்பிவிட்டாலும் விண்டோஸ் வட்டைத் துணைக்கு இழுத்துக்கொள்ளும் என்பதால், வட்டின் பயன்பாட்டை மட்டும் பார்த்தும் ஏமாந்துவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் கணினியைத் திறப்பதற்கு முன்பே, கடையில் நடக்கின்றன. ‘அரசு லேப்டாப்புக்கு ஒரு ரேம் கொடுங்கள்’ என்று கேட்பது இதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு மாடல்கள் மாறின; ஆகவே அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. இருக்கும் ரேமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படம் பிடித்துக்கொண்டு போவதே சரியான வழி. அதில் ‘4ஜிபி 1ஆர்x8 பிசி3எல்-12800எஸ்’ என்பதுபோல் ஒரு வரி இருக்கும். பிசி3 என்பது டிடிஆர்3 வகையையும், 12800 என்பது 1600 வேகத்தையும் குறிக்கும். டிடிஆர்3 மடிக்கணினி ரேமில் 204 பின்களும் டிடிஆர்4-இல் 260 பின்களும் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது நடுவில் இருக்கும் அந்த ‘எல்’ என்ற ஒற்றை எழுத்துதான். அது இருந்தால் 1.35 வோல்ட், இல்லையென்றால் 1.5 வோல்ட். 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகள் 1.35 வோல்ட் ரேமையே கேட்கும். மற்றதும் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் திரையில் ஒன்றும் வராது, நல்ல மதர்போர்டு வீணாகப் பழி சுமக்கும். 1.5 வோல்ட் கணினிகளில் ‘எல்’ வகை பெரும்பாலும் ஓடிவிடும் என்பதால் சந்தேகம் வந்தால் அதையே வாங்கலாம்.

உச்சவரம்பைப் பார்க்காமல் வாங்குவதும் பணத்துக்குக் கேடு. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்230 இரண்டு ஸ்லாட்களில் 16 ஜிபி வரை ஏற்கும். அதற்கு அடுத்து வந்த எக்ஸ்240-இலோ ஒரே ஸ்லாட்தான், நிறுவனம் சொல்லும் வரம்பும் 8 ஜிபிதான். புதிய மாடலென்றால் அதிகம் ஏற்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மேக்புக் ஏர் போன்றவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விண்டோஸுக்கும் வரம்பு உண்டு: விண்டோஸ் 7-இன் 32-பிட் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது, அதன் ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபியோடு நின்றுவிடும், 64-பிட் ஹோம் பேசிக் 8 ஜிபி வரை போகும். எட்டு ஜிபியைப் போட்டுவிட்டு மூன்று சொச்சம்தான் காட்டுகிறது என்று புலம்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இருக்கும் 4 ஜிபியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றை 8 ஜிபியைப் போடுவதைவிட, இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபியைச் சேர்ப்பது மேல். தனி கிராபிக்ஸ் இல்லாத கணினிகள் படம் காட்டுவதற்கும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டு ரேம்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் இயங்கும் இரட்டைப் பாதை கிடைத்தால் அவற்றுக்கு லாபம். வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கே இறங்கி ஓடும், அவ்வளவுதான். சில மாடல்களில் இரண்டாவது ஸ்லாட் கீபோர்டுக்கு அடியில் இருக்கும் என்பதால், அடிமூடியைத் திறந்து பார்த்தே ‘ஒன்றுதான்’ என்று சொல்லிவிட வேண்டாம்.

பொருத்தும்போது சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பேட்டரியையும் கழற்ற வேண்டும்; பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். ரேமைச் சாய்வாக நுழைத்து, பொன்னிற முனைகள் ஏறக்குறைய மறையும் வரை தள்ளிய பிறகே கீழே அமுக்க வேண்டும். இருபுறக் கொக்கிகளும் ‘க்ளிக்’ என்று பிடிக்காவிட்டால் அது முழுதாக உள்ளே போகவில்லை. கணினி ஓடாமல் போவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

முதல் முறை ஆன் ஆகச் சற்று அதிக நேரம் எடுத்தால் பதறி அணைத்துவிடாதீர்கள். விண்டோஸ் வந்துவிட்டதாலேயே ரேம் நலம் என்றும் ஆகிவிடாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுதும் ஓடவிட்டு, ஒரு பிழை தென்பட்டாலும் கடைக்காரர் தந்த மாற்றும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுங்கள். அதுவரை பழைய ரேமை விற்க வேண்டாம்.