திருமண வரவேற்புக்கு ஜாஸ் இசைக்குழுவை அமர்த்துவது எப்படி?

என் அண்ணன் மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது அவள் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: வரவேற்புக்கு வரும் பெரியவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசும் நிலை இருக்கக் கூடாது, மண்டபம் இசையில்லாமலும் இருக்கக் கூடாது. ஜாஸ் குழு ஒன்றை அழைக்கலாம் என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்தார்கள். குழுவைத் தேடிப் பேசி மேடையேற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதன் பிறகு சென்னையில் நண்பர்கள் வீட்டு விழாக்கள் மூன்றுக்கும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். மண்டபம் பிடிப்பது, சமையலுக்குச் சொல்வது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவை என்று எடுத்துக்கொண்டு, இசைக்குழுவைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் மாலையின் நேர வரிசையை எழுதுங்கள்

பெரும்பாலானோர் பாடல் பட்டியலோடு குழுவை அணுகுகிறார்கள். நான் ஒரு தாளில் மாலை ஆறரை மணி முதல் பத்து மணி வரை அரை மணிக்கு ஒரு வரியாக, அந்த நேரத்தில் மண்டபத்தில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எழுதச் சொல்வேன். விருந்தினர் வந்து அமரும் நேரம், மணமக்கள் நுழையும் நேரம், மேடைக்கு முன்னால் வாழ்த்துச் சொல்ல வரிசை நீளும் நேரம், பந்தி நடக்கும் நேரம், உறவினர் பெரும்பாலும் கிளம்பிய பின் இளையவர்கள் ஆட விரும்பும் கடைசி அரை மணி என ஒவ்வொன்றுக்கும் வேறு வேகமும் வேறு ஒலியளவும் தேவைப்படும். 'எல்லா வகையும் வாசிப்போம்' என்று எந்தக் குழுவும் சொல்லும். இந்தத் தாளைக் கையில் கொடுத்து, எந்த நேரத்தில் எப்படி வாசிப்பீர்கள் என்று கேட்டால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். எங்களுக்கு வாய்த்த குழுவின் தலைவர் தாளை வாங்கிப் பார்த்ததும், வரிசை நீளும் நேரத்தில் பாடகர் வேண்டாம், வாத்தியம் மட்டும் போதும் என்று அவராகவே சொன்னார். பாட்டின் சொற்கள் காதில் விழுந்தால் பேச்சு தடைப்படும் என்பது அவர் தந்த விளக்கம். அன்றே அவரை உறுதி செய்துவிட்டேன்.

2. எத்தனை பேர், எந்த வாத்தியங்கள்

முந்நூறு பேர் கூடும் மண்டபத்துக்கு கீபோர்டு, பாஸ் கிட்டார், ட்ரம்ஸ், சாக்ஸபோன் ஆகிய நால்வரும் ஒரு பாடகரும் போதும் என்பது என் அனுபவம். இருபது முப்பது பேர் கூடும் நிச்சயதார்த்த விருந்துக்கு கீபோர்டும் பாஸும் சாக்ஸபோனும் மட்டுமே நிறைவாக இருக்கும்.

ட்ரம்ஸ் வாசிப்பவரைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். கீபோர்டு, பாஸ் போன்ற மின் வாத்தியங்களின் ஒலியை மிக்ஸரில் (எல்லா ஒலிகளையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியில்) குறைத்துக்கொள்ளலாம். ட்ரம்ஸின் ஒலி தோலிலிருந்தும் சிம்பலிலிருந்தும் நேராகவே வருவதால், மைக்கை முழுவதுமாக அணைத்தாலும் அது குறையாது. ஆகவே குச்சிகளுக்குப் பதிலாக, மெல்லிய கம்பிகளாலான பிரஷ் கொண்டு மென்மையாக ஒரு மணி நேரம் அலுக்காமல் வாசிக்கக்கூடியவரா என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு ஜாஸ் குழுவின் தரத்தை இந்த ஒரு கேள்வியிலேயே பாதி அளந்துவிடலாம். பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள குளிரூட்டிய மண்டபங்களில் டிரம்பெட்டைவிட சாக்ஸபோனையே நான் விரும்புகிறேன். டிரம்பெட்டின் ஒலி அங்கே எதிரொலித்துக் காதைக் குத்தும்.

சாக்ஸபோனைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கத்ரி கோபால்நாத்தின் நினைவு வருவது இயல்பு. எங்கள் வரவேற்பில் ஒரு பெரியப்பா எழுந்து சென்று ஒரு கீர்த்தனை வாசிக்கும்படி கேட்டார். கத்ரி அவர்கள் தம் வாத்தியத்தில் கமகங்கள் பேச வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் உழைத்து, கருவியிலேயே மாற்றங்கள் செய்துகொண்டவர். ஜாஸ் கலைஞரின் பயிற்சி முற்றிலும் வேறு. அவரிடம் கீர்த்தனை கேட்பது கேட்டவருக்கும் வாசிப்பவருக்கும் சங்கடத்தையே தரும் என்பதால், வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள்.

3. வாசிப்பைக் கேட்கும் முறை

குழுக்கள் அனுப்பும் காணொளிகளில் பெரும்பாலும் படம் ஓர் இடத்தில் எடுத்ததாகவும் ஒலி ஸ்டுடியோவில் பதிந்ததாகவும் இருக்கும். ஒரு மண்டபத்தில் யாரோ ஒரு விருந்தினர் கைப்பேசியில் எடுத்த, வெட்டாத பத்து நிமிடப் பதிவைக் கேளுங்கள். அதில் ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நல்ல குழுவில் அந்த இடைவெளி சில நொடிகளுக்கு மேல் நீளாது.

காணொளியில் உள்ளவர்கள்தாம் உங்கள் விழாவுக்கும் வருவார்களா என்பது அடுத்த கேள்வி. இசைக்கலைஞர்கள் பல குழுக்களில் மாறி மாறி வாசிப்பவர்கள். அதில் தவறில்லை, ஆனால் யார் வருவார்கள், அவரால் வர இயலாமல் போனால் யார் வருவார் என்ற பெயர்கள் முன்பே நம் கையில் இருக்க வேண்டும்.

பதிவு செய்த பின்னணி ட்ராக்கை ஓடவிட்டு அதன் மேல் வாசிப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். மணமக்கள் குறித்த நேரத்துக்கு மேடைக்கு வந்த திருமணத்தை நான் பார்த்ததில்லை. தலையலங்காரம் முடியவில்லை, மாலை வரவில்லை, தாய்மாமா இன்னும் வழியில் இருக்கிறார் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ட்ராக் ஓடிவிட்டால் அதை நீட்ட முடியாது. நேரடியாக வாசிக்கும் ஜாஸ் குழு, ஒரே நான்கு வரிச் சுழற்சியைப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப, சலிப்புத் தட்டாமல் வாசித்துக்கொண்டிருந்து, மணப்பெண் வாசலில் கால் வைக்கும் கணத்தில் பல்லவிக்குள் நுழையும். இதற்காகவே நேரடிக் குழுவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

தமிழ்ப் பாடல்கள் வேண்டுமென்றால் நான்கைந்துக்கு மேல் கேட்காதீர்கள். அவற்றையும் ஆறு வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றி, ஸ்வரக்குறிப்பு எழுதி, ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க அவர்களுக்கு அவகாசம் தேவை. விசுவநாதன் – ராமமூர்த்தி காலத்துப் பாடல்கள் ஜாஸ் நடைக்கு எளிதாக வரும். சாக்ஸபோனும் டிரம்பெட்டும் அக்கார்டியனும் அந்த இசையில் முன்பே குடியிருந்தவை. இளையராஜாவின் பாடல்களைக் கேட்டால் பாஸ் வாசிப்பவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்.

4. மின் இணைப்பு: நான் தடுமாறிய இடம்

எங்கள் வரவேற்பன்று மாலை நடந்ததை முழுமையாகச் சொல்கிறேன். சவுண்ட் செட் பொருத்தி ஸ்பீக்கரை இயக்கியதும் 'ங்ங்' என்ற இரைச்சல் விடாமல் கேட்டது. கீபோர்டை மேடையின் இடப்பக்கத்து பிளக்கிலும், மிக்ஸரை மண்டபத்தின் பின்பக்கத்து பிளக்கிலும் செருகியிருந்தார்கள். கீபோர்டு இருந்த பக்கத்தில்தான் அலங்காரக்காரரின் விளக்குகளும், காணொளி எடுப்பவரின் விளக்குகளும் இணைந்திருந்தன. வெவ்வேறு இடத்து எர்த் இணைப்புகளுக்கு இடையிலான சிறு மின்னழுத்த வேறுபாடு கேபிள் வழியாக ஓடி, ஸ்பீக்கரில் இரைச்சலாக வெளிவருகிறது. இது எனக்கு அப்போது தெரியாது. உதவிக்கு வந்த ஒருவர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்றார். தயவுசெய்து இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். இரைச்சல் நிற்கக்கூடும், ஆனால் கருவியில் கசிவு ஏற்பட்டால் மைக்கைத் தொடும் பாடகரின் உயிருக்கே ஆபத்து.

சரியான முறை இதுதான். மண்டபத்தின் எலக்ட்ரீஷியனிடம் முதல் நாளே பேசி, இசைக்குழுவுக்கென்று ஒரு ஃபேஸை ஒதுக்கச் சொல்லுங்கள். மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு, பாஸ் ஆம்ப் எல்லாமே அந்த ஒரு ஃபேஸிலிருந்து, ஒரே எர்த்தில், ஒரே இடத்திலிருந்து இழுத்த வயரில் இயங்க வேண்டும். அலங்கார விளக்குகளும் எல்.இ.டி. திரையும் வேறு ஃபேஸில் இருக்கட்டும். அப்போதும் மெல்லிய இரைச்சல் இருந்தால், கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் டி.ஐ. பெட்டியில் எர்த்தைப் பிரிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிப்பதால் ஆபத்தில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் டி.ஐ. பெட்டி கொண்டுவருகிறாரா என்று பேசும்போதே கேளுங்கள். அதை அறியாதவர் என்றால் வேறொருவரைப் பாருங்கள்.

இரைச்சலை ஒருவாறு சரிசெய்து முடித்தோம். மணமக்கள் நுழைந்து பாதி தூரம் நடந்திருந்தபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் சில நொடிகளில் இயங்கி விளக்குகள் வந்துவிட்டன. ஆனால் டிஜிட்டல் மிக்ஸர் மீண்டும் முதலிலிருந்து இயங்கத் தொடங்கி, கீபோர்டும் தன் அமைப்புகளை இழந்து நின்றது. அந்த ஒன்றரை நிமிடமும் சாக்ஸபோன் கலைஞரும் ட்ரம்ஸ் கலைஞரும் நிறுத்தவே இல்லை. சாக்ஸபோன் கலைஞர் மேடையிலிருந்து இறங்கி, வாசித்தபடியே மணமக்களோடு நடந்து வந்தார். திட்டமிட்ட நிகழ்ச்சி என்றே விருந்தினர் நினைத்தார்கள். அந்தக் கலைஞர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனாலும் இந்த நெருக்கடியை அவர்களுக்கு நான் கொடுத்திருக்கக் கூடாது. மிக்ஸருக்கும் கீபோர்டுக்கும் கணினிக்கு வைப்பது போன்ற ஒரு சிறிய யு.பி.எஸ். போதும். இப்போது அதை நானே எடுத்துச் செல்கிறேன்.

குழுவை எங்கே அமர்த்துவது என்பதும் இதோடு சேர்ந்தது. மணமக்கள் நிற்கும் மேடையில் இடம் கொடுக்காதீர்கள். புகைப்படக் கலைஞர்களும் வாழ்த்த வருபவர்களும் வயர்களை மிதிப்பார்கள். மேடைக்கு ஒரு பக்கமாக, சுமார் பன்னிரண்டுக்குப் பத்து அடியில், ஓர் அடி உயர மேடை தனியாகப் போடச் சொல்லுங்கள். ட்ரம்ஸ் நகராமலிருக்க அடியில் ஒரு கம்பளம் வேண்டும். நேர் மேலே ஏ.சி.யின் காற்றுத் துளை இருந்தால் ஸ்வரக்குறிப்புத் தாள்கள் பறக்கும். குளிர்ந்த சாக்ஸபோனின் சுருதியும் இறங்கும்.

5. அனுமதியும் உரிமமும்

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. மூடிய மண்டபத்துக்குள் கேட்கும் அளவில் வாசிப்பதற்கு விலக்கு உண்டு, திறந்தவெளிக்கு இல்லை. திறந்தவெளி என்றால் உரிய எழுத்து மூல அனுமதியையும் முன்பே பெற்றுவிடுங்கள்.

பாடல் உரிமத் தொகை கேட்டு யாரேனும் வந்தால் அஞ்ச வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52(1)(இசட்.ஏ) திருமண ஊர்வலத்தையும் திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களையும் விலக்குக்குள் சேர்த்திருக்கிறது, மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. நிறுவன ஆண்டுவிழா போன்றவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அவற்றுக்கு, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் உரிமைகளைக் கவனிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். அத்தகைய விழாக்களின் இடைவேளையில் பதிவு செய்த இசையை ஒலிபரப்பினால் ஒலிப்பதிவுக்கான உரிமம் தனி.

6. ஒப்பந்தம்

வாய்மொழியோடு நிறுத்தாமல் ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்திடுங்கள். எத்தனை மணிக்கு வருவார்கள், முக்கால் மணி நேரம் கொண்ட வாசிப்பு எத்தனை, இடைவேளை எவ்வளவு, நேரம் நீண்டால் கூடுதல் தொகை என்ன, போக்குவரத்துச் செலவு யாருடையது, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தொகைக்குள் அடங்குமா, விழா தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்பவை அதில் இருக்க வேண்டும். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு நான்கு மாதம் முன்பே பேசிவிடுவது நல்லது. மார்கழியில் நமக்குத் திருமணம் இல்லையென்றாலும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு நிகழ்ச்சிகளால் டிசம்பர் முழுவதும் அவர்களுக்கு ஓய்வே இருக்காது; தை மாதத் திருமணம் என்றால் பாடல்களை இன்னும் முன்பே கொடுத்து, ஒத்திகையை நவம்பரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

7. விழா நாளில்

விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஒலிச் சோதனை முடிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரமும் தவிலும் அதே மாலையில் இருந்தால், அவர்கள் மங்களம் வாசித்து முடித்து எழுந்த பிறகே குழு தொடங்க வேண்டும். இதை இரு தரப்புக்கும் நேரில் சொல்லுங்கள். ஒரு கலைஞர் வாசித்துக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் சுருதி பார்ப்பது மரியாதைக் குறைவு.

சாப்பாட்டை மறக்காதீர்கள். குழு கடைசி வரை வாசித்து இறங்கும்போது பந்தி முடிந்து இலை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது இடைவேளையில் அவர்களுக்கென்று இலைகள் ஒதுக்கும்படி சமையல் ஒப்பந்தக்காரரிடம் எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள். மீதித் தொகையை நள்ளிரவில் தேட வைக்காமல், உறையில் போட்டு வீட்டார் ஒருவரிடம் முன்பே கொடுத்து வையுங்கள்.

பின்சேர்க்கை: கிழக்குக் கடற்கரைச் சாலையில் புல்வெளியில் வரவேற்பு வைத்த ஒரு வாசகி, மழையே இல்லாத இரவிலும் கருவிகள் நனைந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கடலோரத்தில் இரவுப் பனியும் உப்புக் காற்றும் சேர்ந்து மிக்ஸரையும், சாக்ஸபோனின் துளைகளை மூடும் மெத்தைகளையும் கெடுக்கும். ஆகவே எந்த மாதமானாலும் குழுவின் மேடைக்கு மேல் கூரையும், காற்று வரும் பக்கத்தில் ஒரு தடுப்புத் துணியும் போடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால் மேடையைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, பிளக் பலகைகளை மேடை மேலேயே வையுங்கள்.