இரண்டு அமர்வுகள், ஒரே சீட்டுகள்: பல நாட்டு ஆட்டக்காரர்களுடன் இணையப் பிரிட்ஜ் மன்றம் நடத்துவது எப்படி

வெவ்வேறு நாடுகளில் வாழும் நண்பர்களைச் சேர்த்து இணையத்தில் ஒரு பிரிட்ஜ் (மேசைக்கு இரண்டு ஜோடிகளாக நால்வர் ஆடும் சீட்டாட்டம்) மன்றம் தொடங்குபவர்கள், முதலில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நேரத்தைத் தேடிப் புறப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இரண்டு மாதங்களைச் செலவழித்தேன். சென்னையில் இரவு 8 மணி என்பது துபாயில் மாலை 6.30, லண்டனில் குளிர்காலத்துப் பிற்பகல் 2.30, டொராண்டோவில் காலை 9.30. இதுவரை எல்லாம் சரியாகவே இருக்கும். அதே நேரத்தில் சிங்கப்பூரில் இரவு 10.30 ஆகிவிடுகிறது, சிட்னியில் நள்ளிரவு கடந்துவிடுகிறது, கலிபோர்னியாவில் இன்னும் பொழுது விடியவில்லை. நேரத்தை முன்னே தள்ளினால் ஒருவர் தூக்கத்தை இழப்பார், பின்னே தள்ளினால் இன்னொருவர் இழப்பார். அப்படி ஒரு நேரமே கிடையாது என்பதை ஏற்றுக்கொண்ட நாளில்தான் எங்கள் மன்றம் உண்மையில் தொடங்கியது.

ஆகவே வாரத்துக்கு இரண்டு அமர்வுகளை வையுங்கள். எங்கள் முதல் அமர்வு இந்திய நேரப்படி சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்குகிறது; சென்னை, கொழும்பு, துபாய், லண்டன், டொராண்டோ ஆட்டக்காரர்கள் அதில் அமர்கிறார்கள். இரண்டாவது அமர்வு ஞாயிறு காலை 7 மணிக்கு. அது சிங்கப்பூரில் காலை 9.30, சிட்னியில் பருவத்தைப் பொறுத்து 11.30 அல்லது 12.30, டொராண்டோவில் சனிக்கிழமை இரவு 8.30 அல்லது 9.30, கலிபோர்னியாவில் சனிக்கிழமை மாலை 5.30 அல்லது 6.30. இந்த இரண்டாவது அமர்வின்போது லண்டன் உறங்கிக்கொண்டிருக்கும். லண்டன்காரர்களுக்கு முதல் அமர்வு இருப்பதால் அதில் யாருக்கும் குறையில்லை.

இரண்டு அமர்வுகளையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவைக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில் இருப்பதோடு, கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதும் இல்லை; சிங்கப்பூரும் துபாயும் மாற்றுவதில்லை. மாற்றும் நாடுகளோ ஒரே நாளில் மாற்றுவதில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று முன்னே நகர்த்துகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்புகிறார்கள். பிரிட்டனில் அது மார்ச்சின் கடைசி ஞாயிறு, அக்டோபரின் கடைசி ஞாயிறு. சிட்னியில் எல்லாம் நேர்மாறு: அக்டோபர் முதல் ஞாயிறன்று முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறன்று பின்னே. எனவே மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகக் குறைந்துவிடுகிறது.

முதல் ஆண்டின் மார்ச்சில் இதை நான் கவனிக்கவில்லை. டொராண்டோவிலிருந்து ஆடும் இரண்டு ஜோடிகள் பழக்கப்படி காலை 9.30-க்கே வந்து காத்திருந்தார்கள். அன்று ஆட்டம் அவர்களுக்கு 10.30-க்குத்தான். அரை மணி நேரம் யாரும் வராததால் ஆட்டம் ரத்தாகிவிட்டதென்று எண்ணி எழுந்துபோய்விட்டார்கள். அன்று நான்கு மேசைகளாக இருக்க வேண்டிய ஆட்டம் மூன்றானது. அன்றிலிருந்து அறிவிப்பை இந்த வடிவத்தில்தான் அனுப்புகிறேன்:

"அமர்வு 2. சென்னை, கொழும்பு: ஞாயிறு காலை 7.00. சிங்கப்பூர்: ஞாயிறு காலை 9.30. சிட்னி: ஞாயிறு நண்பகல் 12.30. டொராண்டோ: சனி இரவு 8.30. கலிபோர்னியா: சனி மாலை 5.30. மேசையில் அமர வேண்டியது பத்து நிமிடம் முன்னதாக."

கிழமையை ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே எழுதுவது மிகவும் அவசியம். "ஞாயிறு ஆட்டம்" என்று மட்டும் எழுதினால், டொராண்டோவில் இருப்பவர் ஞாயிறு இரவு வந்து நிற்பார். மேலே உள்ள நேரங்கள் குளிர்காலத்துக்கு உரியவை. ஊர் நேரங்களை மனக்கணக்காகப் போடாமல், ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சரிபார்த்து எழுதுங்கள்.

இரண்டு அமர்வுகளாகப் பிரித்தால் மன்றம் இரண்டாக உடைந்துவிடாதா என்ற கேள்வி எழும். உடையாமல் காப்பது டூப்ளிகேட் முறை. ஒரே சீட்டுப் பங்கீட்டைப் பல மேசைகள் ஆடி, அவற்றின் விளைவுகளை ஒப்பிடுவதுதான் டூப்ளிகேட்டின் அடிப்படை. மேசைகள் ஒரே நேரத்தில் ஆடியாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த அடிப்படையில் இல்லை. பல நாடுகளின் மன்றங்கள் ஒரே போர்டுகளை (முன்பே பங்கிட்ட சீட்டுத் தொகுப்புகளை) தத்தம் ஊரில் ஆடி, மதிப்பெண்களை ஒன்றாகக் கணக்கிடும் போட்டிகள் இணையம் பரவுவதற்கு முன்பே இருந்தன. ஆகவே சனிக்கிழமை ஆடும் அதே 14 போர்டுகளை ஞாயிறு அமர்வுக்கும் கொடுங்கள்.

இதன் பலனை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஐந்தாம் போர்டில் வடக்கு-தெற்கு ஜோடி வல்னரபிள் (வென்றாலும் தோற்றாலும் புள்ளிகள் கூடும் நிலை). சனிக்கிழமை நான்கு மேசைகளிலும் ஃபோர் ஸ்பேட்ஸ் காண்டிராக்ட், அதாவது ஸ்பேட்ஸைத் துருப்பாக வைத்துப் பத்துப் பிடிகள் எடுப்பதாக ஏற்ற பொறுப்பு. மூவர் சரியாகப் பத்துப் பிடிகள் எடுத்து 620 பெற்றார்கள், ஒருவர் கூடுதலாக ஒரு பிடி எடுத்து 650 பெற்றார். நாம் தோற்கடித்த ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமான ஒவ்வொரு ஜோடிக்கும் 1 என்ற கணக்கில், 620 பெற்ற ஜோடிக்கு 6-க்கு 2 மட்டுமே கிடைக்கும். அதாவது 33 சதவீதம். ஞாயிறன்று இன்னும் நான்கு மேசைகள் அதே போர்டை ஆடி, 630, 620, 600, ஒரு பிடி குறைந்து 100 இழப்பு என்று முடித்தால், அந்த 620-இன் மதிப்பு 14-க்கு 7 ஆகிறது. அதாவது 50 சதவீதம். நான்கு மேசைகளில் ஒருவருக்குக் கிடைத்த ஒரு கூடுதல் பிடி மற்ற மூவரையும் தரையில் தள்ளிவிடுகிறது. எட்டு மேசைகளில் விளைவு நியாயத்துக்கு அருகில் வருகிறது. சிட்னியில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் ஒருபோதும் ஒரே மேசையில் அமராவிட்டாலும், ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிசையில் நிற்கிறார்கள். மன்றம் ஒன்றுதான் என்ற உணர்வு அந்தப் பட்டியலிலிருந்தே வருகிறது.

இதற்குத் தேவையானது, முன்கூட்டியே உருவாக்கிய சீட்டுக் கோப்பை ஏற்றும் வசதியுள்ள தளம். 2020-இல் தொடங்கப்பட்ட ரியல்பிரிட்ஜில் இந்த வசதி உண்டு. ஆட்டக்காரர்களின் முகமும் குரலும் கிடைப்பதால் தனியாக வாழும் முதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 2001 முதல் இயங்கிவரும் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் பலருக்கும் ஏற்கெனவே பழகிய தளம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோப்பு ஏற்றம், முடிவுகளைப் பதிவிறக்கும் வசதி இரண்டையும் முதலில் சோதித்துவிடுங்கள். சீட்டுகளைப் பங்கிட 'பிக் டீல்' போன்ற நம்பகமான நிரலைப் பயன்படுத்துங்கள். கோப்பை உருவாக்குபவர் அதைத் திறந்து பார்க்கக் கூடாது, அந்த வாரம் ஆடவும் கூடாது. இந்த வேலையை வாரம் ஒருவராகச் சுழற்சியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சீட்டுகளை இரண்டு முறை ஆடுவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: செய்தி கசிவது. முதல் அமர்வு சனிக்கிழமை இரவு 9.45-க்கு முடிகிறது, இரண்டாவது தொடங்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் "ஏழாம் போர்டில் ஸ்லாம் எடுத்தீர்களா?" என்று யாராவது ஒரு வரி எழுதினால் போதும், அந்தப் போர்டு கெட்டுவிடும். எழுதுபவர் தீய எண்ணத்தோடு எழுதுவதில்லை. நல்ல ஆட்டம் ஆடியவருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே சனிக்கிழமை இரவு 8 மணி முதல் ஞாயிறு காலை 9.30 வரை குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்படி அமைத்துவிடுங்கள். முதல் அமர்வின் முடிவுகளை அன்றிரவு வெளியிடாதீர்கள். ஒருவர் இரண்டு அமர்வுகளிலும் ஆடக் கூடாது. ஆள் குறைகிறதென்று ஒரு முறை விட்டுக்கொடுத்தாலும் விதி போய்விடும். கணவனும் மனைவியும் வெவ்வேறு அமர்வுகளில் ஆடுவதாயின் ஒரே அமர்வுக்கு வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகத்தினால் அன்று, அவர்களுக்கு வீண் சங்கடம் வரக் கூடாது என்பதற்காக.

நான்கு மேசைகள் என்றால் எட்டு ஜோடிகள். ஹோவெல் அமைப்பில் ஏழு சுற்றுகளில் ஒவ்வொரு ஜோடியும் மற்ற ஏழு ஜோடிகளையும் சந்தித்துவிடும். சுற்றுக்கு இரண்டு போர்டுகள், போர்டுக்கு ஏழரை நிமிடம் என்று வைத்தால், 14 போர்டுகளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அதற்கு மேல் நீட்டாதீர்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஜோடிகள் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடி பதினைந்து நிமிடம் சும்மா இருக்க நேரும். அதைத் தவிர்க்க அந்தந்த அமர்வின் நேரத்தில் விழித்திருக்கக்கூடிய மாற்று ஆட்டக்காரர்களின் பட்டியல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

நேர வித்தியாசத்தைவிட அதிகமாக என்னைச் சோதித்தது ஏல முறைகளின் வித்தியாசம். சீட்டு இறக்கும் முன் எத்தனை பிடிகள் எடுப்போம் என்று கேட்பதுதான் ஏலம்; கூட்டாளிக்குத் தன் கையைப் பற்றிச் சொல்வதும் அதன் வழியாகத்தான். ஊருக்கு ஊர் பேச்சுவழக்கு மாறுவதுபோல ஏலமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் பரவலான ஏக்கோல் முறையில் ஒன் நோ-ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று தொடங்கினால் கையில் 12 முதல் 14 பாயிண்ட் (ஏஸ், ராஜா போன்ற பெரிய சீட்டுகளின் மதிப்பு). வட அமெரிக்காவில் 15 முதல் 17. ஏக்கோலில் நான்கு ஸ்பேட்ஸ் இருந்தாலே ஒன் ஸ்பேட் என்று தொடங்குவார்கள். வட அமெரிக்காவில் ஐந்து வேண்டும். புதிதாகச் சேர்ந்த லண்டன் உறுப்பினர் ஒருவரை டொராண்டோ உறுப்பினருடன் அவசரமாக ஜோடி சேர்த்து உட்கார வைத்தேன். லண்டன்காரர் 13 பாயிண்ட் வைத்துக்கொண்டு ஒன் நோ-ட்ரம்ப் சொன்னார். எதிரே 10 பாயிண்ட் வைத்திருந்தவர், கூட்டாளியிடம் குறைந்தது 15 இருக்கும் என்ற நம்பிக்கையில் நேராகத் த்ரீ நோ-ட்ரம்ப் சொல்லிவிட்டார். இருவரிடமும் சேர்த்து 23 பாயிண்ட்தான்; அவ்வளவு உயர்ந்த ஏலத்துக்கு அது போதவில்லை. இரண்டு பிடிகள் குறைவு. இருவரும் தத்தம் முறைப்படி சரியாகவே ஏலம் கேட்டவர்கள். பிழை ஜோடி சேர்த்த என்னுடையது.

அதனால் மன்றத்துக்கென ஒரு பொது ஏல முறையை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். நிலையான ஜோடிகள் தங்கள் விருப்பப்படி ஆடலாம். புதிதாகச் சேர்க்கப்படும் ஜோடிகளுக்கு அந்தப் பக்கமே ஒப்பந்தம். நோ-ட்ரம்ப் தொடக்கத்தின் பாயிண்ட் வரம்பு, மேஜர் (ஸ்பேட்ஸ், ஹார்ட்ஸ்) தொடக்கத்துக்கு எத்தனை சீட்டு, டூ கிளப்ஸின் பொருள், ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட் என்னும் மரபு ஏலங்கள் ஆகியவை அதில் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். நாங்கள் 15-17, ஐந்து சீட்டு மேஜர் என்று தேர்ந்தெடுத்தோம்; உங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் லண்டனில் இருந்தால் ஏக்கோலையே வைத்துக்கொள்ளலாம்.

மேசை ஒழுங்கில் நேரில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு மாற்றத்தைப் பொறுமையாகக் கற்பிக்க வேண்டும். நேரில் ஆடும்போது கூட்டாளியின் ஏலத்துக்குத்தான் அலர்ட் (இந்த ஏலத்துக்குச் சிறப்புப் பொருள் உண்டு என்று எதிரணிக்குத் தரும் அறிவிப்பு) சொல்வோம். இணையத்தில் அவரவர் தம் ஏலத்துக்குத் தாமே அலர்ட் கொடுத்து, விளக்கத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது எதிரணிக்கு மட்டும் தெரியும், கூட்டாளிக்குத் தெரியாது. இது நேரில் ஆடுவதைவிட மேலான முறை என்றே கருதுகிறேன், ஏனெனில் விளக்கத்தைக் கேட்டுக் கூட்டாளி விழித்துக்கொள்ள வழியில்லை. கை தவறி அழுத்திய ஏலத்தைக் கூட்டாளி ஏலம் கேட்பதற்கு முன் திரும்பப் பெறலாம். யோசனையை மாற்றிக்கொண்டால் பெற முடியாது. சீட்டு இறக்கிய பிறகு எதையும் திரும்பப் பெற முடியாது. ஆட்டம் நடக்கும்போது கூட்டாளிகள் தொலைபேசியில் பேசக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அனுமதி இல்லை.

இணைப்பு அறுந்தால் ஐந்து நிமிடம் காத்திருந்து, பிறகு மாற்று ஆட்டக்காரரை அமர்த்துங்கள். போர்டை முடிக்கவே முடியாமல் போனால், தவறு இல்லாத ஜோடிக்கு 60 சதவீதம், ஓரளவு பொறுப்புள்ள ஜோடிக்கு 50, முழுப் பொறுப்பும் உள்ள ஜோடிக்கு 40 என்று விதிமுறையே சொல்கிறது. மின்வெட்டுக்கு யாரையும் பொறுப்பாக்க வேண்டாம் என்பது எங்கள் முடிவு. இரண்டு அமர்வுகளுக்கும் தனித்தனி நடுவர் வேண்டும். ஒருவரே இரவு 9.45 வரை விழித்திருந்து மறுநாள் காலை ஆறரைக்கு மீண்டும் மேசைகளைத் திறப்பது ஓரிரு மாதங்களுக்கு மேல் நடக்காது.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: பரிசுப் பணம் வேண்டாம். 2025-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்று பார்க்காமல், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. தளத்துக்கான செலவை மட்டும் உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளிலிருந்து வரும் உறுப்பினர்களுக்கும் அது நிம்மதி.

ஞாயிறு காலை 9.30-க்கு இரண்டு அமர்வுகளின் கோப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பட்டியலை வெளியிடுங்கள். குழுவின் பூட்டையும் திறந்துவிடுங்கள். 14 போர்டுகளில் விளைவுகள் மிகவும் வேறுபட்ட இரண்டைத் தேர்ந்தெடுத்து, நான்கு கைகளையும் படமாக இட்டு, "இதில் முதல் சீட்டாக எதை இறக்கியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். சிட்னிக்காரர்கள் உடனே பதில் எழுதுவார்கள். சென்னையிலிருந்து காலை உணவுக்குப் பிறகு வரும். லண்டன்காரர்கள் விழித்தெழுந்து படிக்கும்போது இருபது முப்பது கருத்துகள் சேர்ந்திருக்கும், அவர்கள் பங்குக்கு விவாதத்தைத் தொடர்வார்கள். டொராண்டோவில் சனிக்கிழமை இரவு ஆடிவிட்டுப் படுத்தவர் கடைசியாக வந்து, தான் ஏன் அந்த டைமண்ட் ராஜாவை இறக்கினேன் என்று விளக்கும்போது இந்தியாவில் ஞாயிறு மாலை ஆகியிருக்கும்.