பொம்மை அம்மா கையில் இருக்கட்டும்: 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வீடு பார்வைக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒரு கையேடு

சத்துமாவு வாங்க ஒரு நாள், எடை போட ஒரு நாள், தடுப்பூசிக்கு ஒரு நாள். நடக்கப் பழகாத குழந்தையை அங்கன்வாடி பார்ப்பது மாதத்தில் இவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் அது அம்மா, பாட்டி, அக்கா கையில் வளர்கிறது. ஆகவே இந்த வயதுக்கான வேலை நடக்க வேண்டிய இடம் வீடு. வீடு வீடாகப் போகும் பணியாளருக்கும் அவர்களைத் தயார்செய்யும் மேற்பார்வையாளருக்கும் இந்தக் குறிப்புகள்.

வீடு பார்வைக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஜமைக்காவைக் காட்டலாம். 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. சேரும்போது அவர்களுக்கு 9 முதல் 24 மாதம். ஒரு பிரிவினரின் வீட்டுக்குச் சுகாதார உதவியாளர் வாரம் ஒரு மணி நேரம், 2 ஆண்டு போனார். கொண்டுபோனவை பெரும்பாலும் வீட்டுப் பொருளில் செய்த பொம்மைகள். 20 ஆண்டு கழித்து, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் விளையாட்டுப் பயிற்சி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் இந்தப் பலன் தெரியவில்லை. சத்துமாவுப் பொட்டலத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் மையங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த உதவியாளர்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கவில்லை. பிள்ளையோடு விளையாட அம்மாவைப் பழக்கினார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் நீங்கள் விளையாடிவிட்டு வந்தால் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. அம்மா பழகிக்கொண்டால் நாள்தோறும் கிடைக்கும்.

யார் வீட்டுக்கு முதலில்

எல்லா வீட்டுக்கும் போக நினைத்தால் எந்த வீட்டுக்கும் ஒழுங்காகப் போக முடியாது. பதிவேட்டிலிருந்து 8 அல்லது 10 குழந்தைகளைத் தேர்ந்தெடுங்கள். வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு தொடர்ந்து 2 மாதம் ஏறாமல் நிற்கும் குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, பிறந்தபோது 2.5 கிலோவுக்குக் கீழ் இருந்தது, அம்மா வேலைக்குப் போவதால் பாட்டியிடம் வளர்வது ஆகியவை முதலில். 15 நாளுக்கு ஒருமுறை என்றால் வாரத்துக்கு 4 அல்லது 5 வீடு. மையம் முடிந்தபின் மாலைக்கு ஒன்று. மாதம் ஒருமுறை போனால் முந்தைய விளையாட்டு மறந்திருக்கும், ஒவ்வொரு முறையும் அறிமுகத்திலேயே நேரம் போகும்.

குறைமாதக் குழந்தைக்கு 2 வயதுவரை வயதைக் கழித்துப் பார்க்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்திருந்தால் 40 வாரத்துக்கு 8 வாரம் குறைவு. பிறந்த தேதிப்படி 8 மாதம் என்றால், உட்காருகிறதா, தவழ்கிறதா என்று பார்க்கும்போது 6 மாதமாகக் கொள்ளுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அதற்குப் பிறந்த தேதிதான் கணக்கு.

ஒரு வீட்டில் 45 நிமிடம்

முதல் 5 நிமிடம் போன முறை கொடுத்த விளையாட்டைப் பற்றியது. “செஞ்சியாம்மா?” என்றால் “செஞ்சேன் டீச்சர்” என்று பதில் வரும், அவ்வளவுதான். “அந்த டப்பாவைக் கொடுத்தப்போ பிள்ளை என்ன பண்ணுச்சு?” என்று கேளுங்கள். செய்தவர் விவரமாகச் சொல்வார். செய்யாதவர் தயங்கினால் குறை சொல்லாமல் அதே விளையாட்டை மறுபடி செய்யலாம்.

பிறகு புது விளையாட்டு, ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு. நீங்கள் ஒரு நிமிடம் காட்டுங்கள். உடனே பொம்மையை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்காருங்கள். இதுதான் கஷ்டம். பிள்ளை சிரிக்கச் சிரிக்க விளையாட்டை விட மனம் வராது. அதுவும் அம்மா கூச்சப்பட்டால் “நீங்களே செய்யுங்க டீச்சர், உங்ககிட்டதான் நல்லா விளையாடுது” என்பார். அந்த வார்த்தையைக் கேட்டால் நீங்கள் அதிக நேரம் விளையாடிவிட்டீர்கள் என்று பொருள். பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, இருவர் முகமும் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பிவிடுங்கள்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு கொடுத்து, கைவழியாக விரலால் ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எந்தப் பாட்டிக்கும் தெரியும். அதில் ஒரே ஒரு மாற்றம் சொல்லிக்கொடுங்கள்: விரல் முழங்கையைத் தாண்டியதும் நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். 7, 8 மாதப் பிள்ளை அதற்குள் கையை நீட்டும், சத்தம் கொடுக்கும், அம்மா முகத்தைப் பார்க்கும். உடனே விரல் மேலே போகட்டும். நான் சத்தம் கொடுத்தால் ஏதோ நடக்கிறது என்று பிள்ளை அறிகிறது. பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. இடைவெளி விடாமல் வேகமாக முடித்தால் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

சமையல்கட்டில் வேலை இருக்கிறது, நேரமில்லை என்று சொல்லும் வீடுதான் அதிகம். தனியாக நேரம் கேட்காதீர்கள். குளிப்பாட்டும்போது “கை எங்கே, கால் எங்கே”, சோறு ஊட்டும்போது “சூடா இருக்கு, ஊதலாமா?”, துணி மடிக்கும்போது சட்டைக்குள் முகத்தை மறைத்துக் காட்டுவது என்று நடக்கும் வேலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசி 10 நிமிடம் சாப்பாடு. 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு: 6 முதல் 8 மாதம்வரை நாளுக்கு 2, 3 வேளை; 9 மாதத்திலிருந்து 3, 4 வேளை. தண்ணியாகக் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, மெதுவாக விழ வேண்டும். போனைக் காட்டி ஊட்டும் வீட்டில் சண்டை வேண்டாம். 2 வயதுக்கு முன் திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் முதலில் ஒரு வேளையை மட்டும் போன் இல்லாமல் ஊட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பை

வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில் கடைப் பொம்மை எதுவும் வேண்டாம். அதைப் பார்த்தால் இது வாங்க வேண்டிய விஷயம் என்று வீடு நினைத்துவிடும். 250 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் 10, 15 புளியங்கொட்டை போட்டால் கிலுகிலுப்பை. நிரம்பப் போட்டால் சத்தம் வராது. மூடியை ஒட்டும் பசையால் ஒட்டி, மேலே இறுக்கமாக டேப் சுற்றுங்கள். வாரம் ஒருமுறை மூடியை இழுத்துப் பார்க்க அம்மாவிடம் சொல்ல வேண்டும். கொட்டை வெளியே வந்தால் மூச்சுக்குழாயில் சிக்கும். பழைய வேட்டித் துணியில் ஒரு பந்து, ஒன்றுக்குள் ஒன்று போகும் 3 டம்ளர், தடித்த அட்டையில் ஒட்டிய படங்கள். சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் போகும் எந்தப் பொருளும் 3 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்குத் தனியாகப் போகக் கூடாது. பலூனும் கூடாது.

எதைக் கண்டால் அனுப்புவது

3 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. 9 மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை. 12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. 18 மாதத்தில் தனியாக நடக்கவில்லை. 2 வயதில் “பால் வேணும்” போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது விட்டுவிட்டது என்றால் எந்த வயதிலும் உடனே. 6 மாதத்துக்கு மேல், இடது மேல்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம்.

2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை வர வேண்டும். அது வரட்டும் என்று காத்திருந்தால் 5, 6 மாதம் போய்விடும். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும், மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அதற்கு முன்பே வழிகாட்டலாம். அனுப்பும் சீட்டில் “பேச்சு வரவில்லை” என்று மொட்டையாக எழுதாமல், “20 மாதம். பின்னாலிருந்து 3 முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. டம்ளரைத் தட்டியும் திரும்பவில்லை” என்று கண்டதை எழுதுங்கள்.

“அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசுனாரு” என்று பாட்டி சொல்வார். எதிர்த்துப் பேசினால் அடுத்த முறை கதவு திறக்காது. “இருக்கலாம் பாட்டி. காது நல்லா கேக்குதான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமே” என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பேச்சு தாமதம் என்றால் மருத்துவமும் காதிலிருந்துதான் தொடங்கும்.

அம்மாவையும் பாருங்கள். 2 வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் விளையாட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணையும் அவருக்குக் கொடுக்கலாம்.

பணியாளர் பயிற்சி

படம் போட்டு 3 நாள் பேசும் பயிற்சியில் எல்லோரும் குறிப்பு எடுப்பார்கள். வீட்டுக்குப் போனால் அவர்களும் அம்மாவிடம் அதேபோல் பேசிவிட்டு வருவார்கள். பயிற்சியின் பாதி நேரமாவது செய்து பழகுவதாக இருக்கட்டும். ஒரு குழுவில் 15 முதல் 20 பேர். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் டீச்சர், ஒருவர் அம்மா, ஒருவர் கவனிப்பவர். கவனிப்பவர் கையில் கடிகாரமும் இரண்டு கேள்விகளும்: பொம்மை யார் கையில் எத்தனை நிமிடம் இருந்தது? அம்மாவை எத்தனை முறை பாராட்டினார்? “நல்லா செய்றீங்க” என்பது போதாது; “பிள்ளை சத்தம் போட்டதும் நீங்க திரும்பச் சத்தம் கொடுத்தீங்க பாருங்க, அதுதான் வேணும்” என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் கணக்கு. அம்மாவாக நடிப்பவர் சில சுற்றில் பேசாமல் இருக்கட்டும், சில சுற்றில் மாமியார் குறுக்கிடட்டும். கடைசி நாள் பக்கத்து ஊரிலிருந்து 4, 5 அம்மாக்களைக் குழந்தைகளோடு வரவழையுங்கள். பொம்மைக் குழந்தை அழாது, தூங்காது, பாட்டிலைக் கடிக்காது.

ஒரு மாதத்துக்குள் மேற்பார்வையாளர் ஒவ்வொருவருடனும் குறைந்தது ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பதிவேட்டைத் திறக்கக் கூடாது, நடுவில் புகுந்து தானே விளையாடிக் காட்டவும் கூடாது. வெளியே வந்தபின், தெருவில் நடந்துகொண்டே, நன்றாகச் செய்த ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று. ஐந்தாறு குறையைச் சேர்த்துச் சொன்னால் அவர் அடுத்த வாரம் எதையும் மாற்ற மாட்டார்.

பதிவேட்டில் ஒரு வீட்டுக்கு மூன்று வரி போதும்: இன்று கொடுத்த விளையாட்டு, அம்மா செய்தபோது பிள்ளை என்ன செய்தது, அடுத்து வரும் தேதி. தேதியை எழுதும்போதே அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். போக முடியாவிட்டால் அன்று காலையிலேயே போன் செய்து மாற்றுத் தேதி சொல்லுங்கள். நூறு நாள் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்த அம்மா இரண்டாம் முறை காத்திருக்க மாட்டார்.